எபநேசரின் எட்டுக் குரல் பெட்டி

ஃபேனை நிறுத்தச் சொன்னேன். எபநேசரின் மனைவி சுகிர்தம் ஏன் என்று கேட்கவில்லை. மடியிலிருந்த பூண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் நிறுத்தினார். ஆவடியில் சித்திரை மாதத்து முற்பகல். இறக்கைகள் நின்றதும் மற்றச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பக்கத்து வீட்டு மோட்டார், தெருவில் தண்ணீர் கேன் வண்டி, அண்ணனூர்ப் பக்கம் போகும் ரயில்.

கூடத்தின் நடுவில் இரண்டு முக்காலிகளின் மேல் எபநேசரின் கீபோர்டு இருந்தது. மூடிக்குப் பன்னிரண்டு ஸ்க்ரூ. கழற்றி எண்ணியபோது பதினொன்றுதான் தேறியது. ஒன்று எப்போதோ தொலைந்திருக்கிறது. அடுத்தவர் வீட்டு ஸ்க்ரூவுக்கும் நான் கவலைப்படுகிறேன் என்று என் மகன் சொல்வான். படுகிறேன்தான்.

மூடியைத் தூக்கியதும் தூசியும் பழைய பிசினும் கலந்த வாசனை வந்தது. எட்டு மின்சுற்றுத் தகடுகள், அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல், வரிசையாக நின்றன.

"கெட்டிருக்கா அண்ணே?" என்றார் சுகிர்தம்.

இன்னும் பார்க்கவில்லை என்றேன்.

"கெட்டிருக்கும். கெட்டிருக்கணும்."

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எத்தனையோ வருஷம் அளவுக் கருவிகளைச் சரிபார்த்திருக்கிறேன். கருவியைக் கொண்டுவந்து வைப்பவர்கள் எல்லோரும், அது நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். கெட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

பின் வரிசை பெஞ்சு

எபநேசர் என் நண்பர். என்னைவிட இரண்டு வயது இளையவர். பகலில் ஒரு பட்டறையில் வேலை, சாயங்காலங்களில் மெல்லிசைக் குழு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சபையின் கோயிலில் இந்தக் கீபோர்டு. மற்ற இரண்டும் நின்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கவில்லை.

கடைசிச் சில வருஷங்களில் பாடகர் குழுவினர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கீபோர்டு காதைக் குத்துகிறது, பக்கத்தில் நிற்க முடியவில்லை என்றார்கள். எபநேசர் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதே மாதிரி வாசித்தார். ஒரு கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஐயர் வீட்டுக்கே வந்தார். (அவர்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள்.) காபி குடித்துவிட்டு, இனி ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்று தன்மையாகச் சொன்னார். அடுத்த வாரம் கோயிலில் புதுக் கீபோர்டு, புது ஆள்.

எபநேசர் யாரோடும் சண்டை போடவில்லை. கொஞ்ச நாள் பின் வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு அதுவும் இல்லை. நான் அப்போது புனேயில் மகனோடு இருந்தேன். ஃபோனில் கேட்டால், "நம்ம ரிட்டயர் ஆயிட்டோம் அண்ணாத்தே" என்று சிரிப்பார்.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். சாவு வீட்டில் யாரோ யாரிடமோ, "கடைசியில கை கெட்டுப்போச்சு, பாவம்" என்று சொன்னது சுகிர்தத்தின் காதில் விழுந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்ன மற்ற எதுவும் அவருக்கு நினைவில்லை. இது மட்டும் நின்றுவிட்டது.

இறந்தவரின் முதல் வருஷம் வரும்போது, அதற்குப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் கோயிலுக்குப் பூ வாங்கி வைக்கும். ஆராதனையில் ஒரு பாட்டும் பாடியோ வாசித்தோ கொடுக்கும். இந்த முறை மகள் பியூலா வாசிக்க வேண்டும், அதுவும் அப்பாவின் பெட்டியில்தான் வாசிக்க வேண்டும் என்று சுகிர்தம் முடிவு செய்திருந்தார். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"கை கெடல, மெஷின்தான் கெட்டுதுன்னு அவங்க காதால கேக்கணும் அண்ணே. நீங்க சரி பண்ணிக் குடுங்க."

ஐந்தாவது ஆள் லீவு

போன வாரம் இந்தப் பத்தியில் எஸ்டேட்டின் சோதனை அறையைப் பற்றி எழுதியிருந்தேன். எபநேசர் அந்த அறை வாசலுக்குத்தான் முதன்முதலில் வந்தார். எண்ணெய்ச் சட்டையோடு நின்று, இங்கே ஒலியை எண்ணிக் காட்டும் மீட்டர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். இருந்தது என்னிடம்.

இந்தப் பெட்டி ஒரு கப்பல்காரர் மூலம் அவர்களுடைய மெல்லிசைக் குழுவுக்கு வந்தது. குழு கலைந்தபோது ஒருவர் டிரம் செட்டை எடுத்துக்கொண்டார், ஒருவர் ஸ்பீக்கர்களை. இது பழுதாகிக் கிடந்ததால் யாரும் சீந்தவில்லை. எபநேசர் லுங்கியில் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

இப்போது கடையில் கிடைக்கும் கீபோர்டில் சுருதி பிசகாது. உள்ளே எல்லாம் கணக்கு. இது அந்தக் காலத்து மின்சாரக் கருவி. ஒரே நேரத்தில் எட்டுக் கட்டைகளை அழுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். ஒரு குரலுக்கு ஒரு தகடு. ஒவ்வொரு தகட்டிலும் ஒலியை உண்டாக்கும் பகுதிகள் இரண்டு. ஆக, பதினாறு. வெயில் ஏறினால் பதினாறும் நகரும். நகர்வதும் ஒரே அளவாக நகராது. எட்டுப் பேரை நிற்கவைத்துப் பாடச் சொல்லி, ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய சுருதியில் ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அப்படி.

அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு முன்னால், நான் மீட்டரோடு ஆவடிக்குப் போவேன். அம்பத்தூரிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். எட்டுத் தகடுகளில் ஐந்தாவது எப்போதும் தகராறு பண்ணும். எபநேசர் அதற்குப் பேரே வைத்திருந்தார். "சோம்பேறி இன்னைக்கும் லீவு அண்ணாத்தே. மத்த ஏழு பேரும் வந்துகினாங்க, இவன் மட்டும் ஊட்ல படுத்துகினு கீறான்." இதை அவர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். நானும் ஒவ்வொரு வருஷமும் சிரிப்பேன்.

பதினாறும் ஒன்றாக

வேலை இரண்டு முற்பகல்கள் பிடித்தது.

முதலில் பெட்டியை ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்திருக்கும்போது சேர்த்த சுருதி, சூடேறியதும் போய்விடும். மூடியைத் திறந்து வைத்துச் சேர்த்தாலும் அதே கதி. உள்ளே காற்றுப் பட்டு ஒரு சூடு, மூடியதும் வேறு சூடு. ஃபேனை நிறுத்தியது அதற்காகத்தான். மூடிக்குப் பதிலாக ஓர் அட்டையைப் போட்டு, அதில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் வெட்டி, அதன் வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டேன். என் கைக்கு இப்போது பழைய பிடி இல்லை. ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு திருகுகள். கடுகைவிடச் சற்றுப் பெரியவை. ஒன்று சுருதியை ஏற்றி இறக்கும். மற்றது, கீழ்க் கட்டைக்கும் மேல் கட்டைக்கும் உள்ள இடைவெளியைச் சரியாக்கும். இதைத் தொட்டால் அது நகரும், அதைத் திருத்தினால் இது நகரும். மாறி மாறித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது. எனக்கு வேறென்ன அவசரம்?

மீட்டர் ஓரளவுக்குத்தான் உதவும். கடைசியில் காதுதான். ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு ஒலிகளைச் சேர்த்துக் கேட்டால், அலை போல வீங்கி வடியும். வித்தியாசம் குறையக் குறைய அலையும் மெதுவாகும். முற்றிலும் நின்றால் இரண்டும் ஒன்று. நான் அலைகளை வாய்விட்டு எண்ணினேன். சுகிர்தம் பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டு என் எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது குரல் மிகவும் இறங்கியிருந்தது. ஏழாவது மேலே ஏறியிருந்தது. ஓர் ஆண்டு மூடிக் கிடந்ததற்கு அது பெரிய பிசகில்லை. இரண்டாம் நாள் பதினாறும் ஒன்றாக நின்றன.

இந்தப் பெட்டிக்குள் அவரவர் செய்த ஒலிகளை எண் கொடுத்துச் சேர்த்து வைக்கலாம். எபநேசர் கோயிலுக்கென்று செய்தது இருபத்து மூன்றாம் எண். அதை அழுத்தி, எனக்குத் தெரிந்த அளவில் எட்டுக் கட்டைகளைச் சேர்த்துப் பிடித்தேன். தணிவாக, நிறைவாக, கூடம் முழுக்கப் பரவியது. அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

"நீங்க சொன்னதுதாம்மா. ரெண்டு குரல் பிசகியிருந்தது. இப்ப எல்லாம் சரி" என்றேன்.

சுகிர்தம் எழுந்து போய், இரண்டு நாள்களில் முதல் முறையாக நான் சொல்லாமலே ஃபேனைப் போட்டார். முந்தானையால் பெட்டியின் மேல் பக்கத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

சில்வண்டு

பியூலா சனிக்கிழமை சாயங்காலம் வானகரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். நாற்பது வயது ஆகப்போகிறது. அம்மா முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, என்ன பண்ணீங்க எங்க அம்மாவ?" என்று சிரித்தாள். சுகிர்தம் டீ போட உள்ளே போனார்.

பியூலா இருபத்து மூன்றை அழுத்தி இரண்டு கைகளையும் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"இது இப்படித்தான் இருக்கணுமா மாமா?"

எப்படி என்று கேட்டேன்.

"குத்துது. பல் டாக்டர் மெஷினை வாய்ல வெச்ச மாதிரி கீது."

எந்தக் கட்டை குத்துகிறது என்று கேட்டேன். எல்லாக் கட்டையும் என்றாள். நான் வாசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சற்றுக் கோபம்கூட வந்தது. இரண்டு நாள் உழைப்பு. அவள் மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை கட்டைகளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். அதிலிருந்து விசில் போல ஓர் ஒலி கிளம்பி மேலே ஏறிக்கொண்டே போனது. கேட்கிறவரைக்கும் கையைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னாள். தூக்கினேன். விசில் மெலிந்தது, நூலானது, இல்லாமல் போனது. கையை இறக்கினேன். அவள் ஃபோனை நிறுத்தவில்லை. திரையில் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. சோதனை அறையில் வேலை செய்தவன். பிழை பெட்டியில் இல்லை, சரிபார்த்தவனின் காதில். அலைகளை எண்ணும் அளவுக்குக் காது வேலை செய்கிறது. அதற்கு மேலே உள்ள கூர்மையான ஒலிகள் எனக்கு எப்போதோ தீர்ந்துபோயிருக்கின்றன. தீர்ந்துபோனது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தேன். ஃபில்டர் என்று ஒரு குமிழ் உண்டு. ஜன்னல் கதவு மாதிரி. திறக்கத் திறக்கக் கூர்மையான ஒலிகள் உள்ளே வரும், சாத்தினால் நிற்கும். எபநேசர் அதைக் கடைசிவரை திறந்து வைத்திருந்தார். அவருக்கு அது இன்னும் போதாமல் இருந்திருக்கும்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்று பியூலா மெதுவாகக் கேட்டாள்.

பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது. சுகிர்தம் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"பின்பக்கம் சில்வண்டு கத்துனா எனக்குத் தலைய வலிக்கும். இவர், எங்கடி கத்துதுன்னு கேப்பார். வெளையாடறார்னு நெனச்சேன். அப்பறம் அந்தச் சில்வண்டே இல்லாம போச்சு. சுத்தி ஊடு கட்டிட்டாங்க, அதான் போயிடிச்சுன்னு நெனச்சேன்."

"இருக்கும்மா" என்றாள் பியூலா. "இப்பவும் கத்திகினுதான் இருக்கு."

நாங்கள் இரண்டு பேரும் பின்பக்கக் கதவைப் பார்த்தோம். எனக்கு ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. சுகிர்தம் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டுப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப, அவங்க குத்துதுன்னு சொன்னது நெசம்."

மெஷின்தான் கெட்டது என்று இரண்டு நாள் முன்னால் நான் கொடுத்த தீர்ப்பு கூடத்தின் நடுவில் அப்படியே கிடந்தது. டீயில் ஆடை படிந்தது. நாளை அந்தப் பாட்டு வேண்டாம், புதுக் கீபோர்டிலேயே வாசித்துவிடட்டும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

சுகிர்தம் முந்திக்கொண்டார்.

"அண்ணே, அவருக்கு என்ன கேட்டுச்சோ, அத அவங்களுக்குக் கேக்க வெக்க முடியுமா?"

முதுகைக் காட்டி உட்கார்ந்தது

இப்படி ஒரு சோதனையை நான் செய்ததில்லை, செய்ததாகக் கேட்டதுமில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. எபநேசரின் காது இப்போது இல்லை. அதற்குப் பக்கத்துக் காது ஒன்று இருக்கிறது. அவரைவிட இரண்டு வயது மூத்தது, அவரைப் போலவே இயந்திரச் சத்தத்தில் வருஷங்களைக் கழித்தது.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பியூலா ஒரு கையால் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஃபில்டர் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்த வேண்டும். ஒலி மாறுவதாக எனக்குத் தோன்றும் கணத்தில் கையைத் தூக்குவேன். அதுவரை வெட்டப்பட்டதெல்லாம் எனக்குக் கேட்காதது. எபநேசருக்கும் கேட்காதது. அந்த இடத்திலிருந்து ஒரு மயிரிழை திறந்து நிறுத்தினால், மிச்சம் இருப்பது அவர் கேட்டது.

அவள் ஆரம்பித்தாள். ஒலி நின்றது நின்றபடி இருந்தது. குமிழ் நகர்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். திருப்புகிறாயா என்று கேட்டேன். "பாதி வந்துட்டேன் மாமா" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. இன்னும் சற்று நேரம். பிறகு யாரோ போர்வையின் ஓரத்தை இழுத்து மூடியதுபோல் ஒரு மங்கல். கையைத் தூக்கினேன்.

எங்கள் அறையில் ஓர் அளவை மூன்று தடவை எடுத்த பிறகுதான் நம்புவோம். மூன்று தடவை செய்தோம். பிறகு சுகிர்தத்தை உட்காரவைத்துச் செய்தோம். அவர் கை என்னைவிடச் சற்று முன்னதாக உயர்ந்தது. நான்கிலும் நடுவான ஓர் இடத்தைப் பிடித்தேன். பியூலா அதை இருபத்து நான்காம் எண்ணில் சேர்த்தாள். இருபத்து மூன்றை அழிக்கக் கூடாது என்றேன். அது அவர் விட்டுப்போன அளவு.

அவள் இரண்டு கைகளாலும் வாசித்தாள். எனக்கு அது இருபத்து மூன்றேதான். துளி வித்தியாசமில்லை. அவளுக்கு அப்படியில்லை. பாட்டு பாதியில் நின்றது. கட்டைகளை விடாமல் அழுத்திக்கொண்டே, "அப்பா இதத்தான் வாசிச்சுகினு இருந்தாரா?" என்றாள். "எவ்ளோ மெதுவா இருக்கு."

சுகிர்தம் ஆறிய டீயை எடுத்துக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை

லோடு ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்ததும், "இன்னா சார் இது, ஆள உள்ள வெச்சிகீறீங்களா, இந்தக் கனம் கனக்குது" என்றார். சுகிர்தம் சிரித்துவிட்டார். நான் வழி முழுக்க மேடு பள்ளங்களுக்குப் பயந்துகொண்டே போனேன். ஆராதனை தொடங்குவதற்கு வெகு முன்னதாகவே பெட்டியை ஓடவிட்டுச் சூடேற்றினேன். மேலே ஃபேன் சுற்றியது. நிறுத்தச் சொல்ல அது என் கோயில் இல்லை. ஐந்தாவது குரலை மட்டும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

பிரசங்கம் முடிந்து பியூலா போய் உட்கார்ந்தாள். நான் சுவரோரம் நின்றேன்.

என் நிலைமை விசித்திரமானது. வேலை செய்தவன் நான். அது சரியாக இருக்கிறதா என்று அறிய எனக்கு வழியில்லை. தவறி இருபத்து மூன்றை அழுத்தியிருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே முகங்களைப் பார்த்தேன். முன்னால் பாயில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கோயிலில் ஆகக் கூர்மையான காதுகள் அவைதான். முதல் சரணம் முடிந்தது. ஒரு கைகூடக் காதுக்குப் போகவில்லை. ஒரு பெண் குழந்தை வாயைத் திறந்தபடி கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாடகர் குழுத் தலைவர் தங்கராஜ். முன்பு ஐயரிடம் போய்ச் சொன்னவர் அவர்தான் என்று சுகிர்தம் காட்டியிருந்தார். இரண்டாம் சரணத்தில் அவர் பாடுவதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

ஆராதனை முடிந்ததும் நேராகப் பெட்டியிடம் வந்தார். "நல்லா கீதும்மா. இந்த சவுண்டு நீ புதுசா வெச்சியா?" என்று பியூலாவைக் கேட்டார்.

பியூலா அம்மாவைப் பார்த்தாள்.

"அவர் வெச்சது" என்றார் சுகிர்தம். "அவருக்கு இப்படித்தான் கேட்டுது."

தங்கராஜ் அவர் பக்கம் திரும்பினார். "எங்களுக்கு வேற மாதிரி கேட்டுதுக்கா" என்றார். குரலில் வாதம் இல்லை.

"தெரியும். உங்களுக்குக் கேட்டதும் நெசம்தான். அவர் காது போயிடிச்சு. அவருக்கே தெரியாது."

தங்கராஜ் பெட்டியின் வெள்ளைக் கட்டை ஒன்றை அழுத்தினார். மின்சாரத்தை நான் நிறுத்திவிட்டிருந்ததால் சத்தம் வரவில்லை. கட்டை இறங்கி எழுந்தது.

"கை நல்ல கைக்கா அது" என்றார். "கடைசி வரைக்கும்."

சுகிர்தம் தலையை ஆட்டினார். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்க நான் ஒரு பக்கம் குனிந்தேன். தங்கராஜ் என்னை விலக்கிவிட்டு அந்த முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பியூலா பிடித்தாள். சாய்க்காமல் கொண்டுபோங்கள் என்று மட்டும் சொன்னேன்.